புழுவின் பகலும் இரவும்

(நெய்வேலி நகரியத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலை தின்னும் புழுவுக்குப் பகலில் ஆபத்து அதிகமா, இரவில் அதிகமா? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன். கேட்டவுடன், "பகலில்தான். பறவையெல்லாம் பகலில்தானே இரை தேடுகிறது" என்று பதில் வரும். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்வதற்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டில் ஓடும் ஊர் இது. ஒரு கூட்டம் வீடு திரும்பும்போது இன்னொரு கூட்டம் உள்ளே போகிறது, வேலை நிற்பதில்லை. புழுவைத் தின்னும் உயிர்களும் அப்படித்தான் ஷிப்ட் மாற்றிக்கொள்கின்றன. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால் நம் வயலையும் வீட்டு முருங்கையையும் தெருவிளக்கையும் வேறு கண்ணோடு பார்ப்போம்.

முதலில் வயலுக்குப் போவோம். நகரியத்தின் எல்லையைத் தாண்டினால் முந்திரிக் கொல்லையும் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லையும்தான். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை போடுகிற யாரைக் கேட்டாலும் புரொடீனியா புழுவைப் பற்றிச் சொல்வார்கள். புத்தகத்தில் அதன் பெயர் ஸ்போடாப்டெரா லிட்யூரா. காலையில் கொல்லைக்குப் போனால் இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், புழுவைக் காணவே முடியாது. அது எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் செடியின் தூரைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளற வேண்டும். ஒரு மண்கட்டிக்கு அடியிலோ வெடிப்பிலோ வளையமாகச் சுருண்டு கிடக்கும். தொட்டால் இன்னும் இறுகிச் சுருளும். பொழுது சாய்ந்து மண்ணின் சூடு தணிந்ததும் மெல்ல மேலே ஏறி, விடியும்வரை தின்றுவிட்டு மறுபடி இறங்கிவிடும்.

ஆனால் பிறந்ததிலிருந்தே அது இப்படி ஒளிவதில்லை. தாய் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை இலையில் குவியலாக இட்டு, தன் உடம்பு ரோமத்தாலேயே மூடி வைக்கிறது. பொரித்து வரும் குஞ்சுப் புழுக்கள் இலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக இருந்து பகலிலும் சுரண்டித் தின்னும். இலை சல்லடையாகி வெளுத்துப்போகும். உடம்பு பெருத்த பிறகுதான் பிரிந்து போய், பகலில் மண்ணுக்குள் பதுங்கி இரவில் மேயத் தொடங்குகின்றன. இதற்கு நான் காணும் காரணம் எளிது. எறும்புத்தலை அளவுள்ள புழு கரிச்சானின் கண்ணில் படாது, பட்டாலும் அதற்காக அது மெனக்கெடாது. ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டால் அதே புழு நல்ல தீனி. உடம்பு வளர வளர எதிரிகளின் பட்டியல் மாறுகிறது, அதற்கேற்பப் பொழுதும் மாறுகிறது. வெயிலும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. மே மாத மதியத்தில் மல்லாட்டை இலை மேல் ஒரு புழு தாக்குப்பிடிப்பது கடினம். இருந்தாலும் வெயில் மட்டுமே காரணம் என்றால் சின்னப் புழு அல்லவா முதலில் காய்ந்துபோக வேண்டும்?

பகல் ஷிப்டில் யார் யார் என்று பார்ப்போம். கரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, செம்போத்து எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். கொண்டலாத்தியை மறக்கக்கூடாது. நீண்ட அலகை மண்ணுக்குள் செருகி, பதுங்கியிருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் இழுத்துத் தின்னும். ஆகவே மண்ணுக்குள் போய்விட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. பறவைகள் புழுவை மட்டும் தேடுவதில்லை, புழு தின்ற அடையாளத்தையும் தேடுகின்றன. அமெரிக்காவில் பெர்ண்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துக் காட்டினார். அவர் வளர்த்த சிறு பறவைகள் ஓட்டை விழுந்த இலை உள்ள கிளையைத் தேடிப் போயின. அங்கே சில வகைப் புழுக்கள், தின்று முடித்ததும் மிச்சமிருக்கும் இலையின் காம்பைக் கடித்துக் கீழே தள்ளிவிடுகின்றன. தடயத்தை அழிக்கும் வேலை அது. நஞ்சும் முள்ளும் உள்ள புழுக்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை, பறவைகள்தான் அவற்றை ஒதுக்கிவிடுகின்றனவே.

பறவைக்கு அடுத்தது குளவி. ஒரு வகைக் குளவி புழுவைக் கடித்து மென்று உருண்டையாக்கிக் கூட்டில் இருக்கும் தன் பிள்ளைகளுக்கு ஊட்டும். வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற குளவிகளில் ஒரு வகை, புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, முட்டையிட்டு வைத்த கூட்டுக்குள் உயிரோடு அடுக்கி மூடிவிடும். குளவிக்குக் கண்ணும் சூடும் வெளிச்சமும் வேண்டும், ஆகையால் பெரும்பாலும் பகல் வேலைதான். புழுவுக்கும் இது தெரிந்திருக்கிறது. சில புழுக்களின் உடம்பில் உள்ள மெல்லிய ரோமங்கள், பறந்து வரும் குளவியின் சிறகு காற்றில் எழுப்பும் அதிர்வை உணரக்கூடியவை என்று ஜெர்மனியில் 1970களிலேயே கண்டார்கள். உணர்ந்தவுடன் புழு அசையாமல் நின்றுவிடும் அல்லது கீழே விழுந்துவிடும். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. தேனீயின் ரீங்காரமும் அந்த ரோமங்களுக்குக் குளவி போலவே படுகிறது. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தேனீக்கள் நடமாடிய குடைமிளகாய்ச் செடிகளில் புழுக்கள் தின்ற அளவு 60 முதல் 70 சதவீதம் வரை குறைந்திருந்தது. தேனீ அவற்றை ஒன்றும் செய்யவில்லை. பயத்தில் வாய் நின்று போயிற்று, அவ்வளவுதான்.

சரி, இருட்டிய பிறகு? குளவியும் கரிச்சானும் அடைந்துவிடும். எறும்பில் ஒரு பகுதி ஓயும், இன்னொரு பகுதி புறப்படும். நம் வீட்டு முற்றத்தில் திரியும் பெரிய கறுப்புக் கட்டெறும்பு, வெயில் காலத்தில் பெரும்பாலும் அந்திக்குப் பிறகுதான் வேலைக்குக் கிளம்புகிறது. சுவரில் பல்லி, மரப்பட்டையில் வலை பின்னாத பெரிய சிலந்தி, தரையில் தேரை, தேள், பூரான், மூஞ்சுறு, எலி, கிளையில் புள்ளி ஆந்தை. இவற்றோடு, விளக்கடியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஒல்லியான செம்மஞ்சள் குளவி ஒன்று. குளவியினத்தில் இது இரவில் பறப்பது. நம்மை விரட்டிக் கொட்டாது, வெட்டுப்புழு வகைகளைத் தேடிப்பிடித்து அவற்றில் முட்டையிடும். பகல் குளவியிடம் தப்பிக்க இரவில் மேய வந்த புழுவுக்கு அங்கேயும் ஒருத்தி காத்திருக்கிறாள்.

இரவு பாதுகாப்பானது என்பது குளிர்நாட்டுப் பேச்சாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே கோடையிலும் இரவு குளிரும், எறும்பும் சிலந்தியும் சோர்ந்துவிடும். நெய்வேலி இருப்பது வடக்கு அட்சரேகை 11 பாகையைச் சற்றுத் தாண்டி. நமக்கு மிக நீண்ட பகல் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரம், மிகக் குறுகிய பகல் பதினொன்றரை மணி நேரம். வருஷம் முழுக்கப் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சரிபாதி. கோடை இரவில் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. உடம்பில் சொந்தச் சூடு இல்லாத எறும்புக்கும் பல்லிக்கும் தேளுக்கும் இது முழு வேலை நேரம்.

இதை அளந்து பார்க்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பீர்கள். முடியும், செலவில்லாமல் முடியும். பொம்மை செய்யும் எண்ணெய்க் களிமண்ணில், பச்சை நிறத்தில், ஒரு அங்குல நீளத்துக்குப் புழு செய்து இலையில் ஒட்டி வைப்பார்கள். கடித்துப் பார்த்த விலங்கு தன் கையெழுத்தை அதில் போட்டுவிட்டுப் போகும். பறவையின் அலகு ஆப்பு வடிவத்தில் ஆழமாகப் பதியும். எலியின் வெட்டுப்பல் இரண்டு இணையான கீறலாக விழும். பல்லியின் பல் வளைவான புள்ளி வரிசை. எறும்பு ஊசியால் குத்தியது போல நெருக்கமாகச் சின்னச் சின்னக் குழிகளை விடும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்துப் புதுப் புழுவை மாற்றி வைத்தால் பகல் கணக்கும் இரவுக் கணக்கும் தனித்தனியாக வந்துவிடும்.

இந்த முறையை உலகம் முழுக்க ஒரே மாதிரி செய்து பார்த்தார்கள். டோமஸ் ரோஸ்லினும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 31 இடங்களில், ஆர்க்டிக் பகுதியிலிருந்து ஆஸ்திரேலியா வரை, ஏறத்தாழ மூவாயிரம் களிமண் புழுக்களை வைத்தார்கள். முடிவு 2017 இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பாகை விலகும்போதும் ஒரு நாளில் புழு தாக்கப்படும் வாய்ப்பு 2.7 சதவீதம் குறைகிறது. அதைக் கொண்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் நெய்வேலிப் புழுவுக்கு இருக்கும் ஆபத்தில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் புழுவுக்கு ஏறக்குறைய கால் பங்குதான். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பறவைகளோ எலிகளோ அல்ல, எறும்பு முதலான சிற்றுயிர்கள். வெப்ப நாட்டில் புழுவின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது நாம் குனிந்து பார்க்காத கூட்டம்தான்.

களிமண் புழுவிலும் குறை உண்டு. அது அசையாது, அதற்கு வாசனை கிடையாது. மோப்பம் பிடித்து வரும் குளவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம். உண்மையான புழுவுக்கோ ஒளிந்துகொள்ளவும் நேரம் பார்க்கவும் தெரியும். ஆகவே களிமண் சொல்வது எந்த நேரத்தில் எந்த எதிரி நடமாடுகிறது என்பதை. எத்தனை புழு செத்தது என்று அதைக் கேட்கக்கூடாது.

நேரம் பார்க்கத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும்? வெளிச்சத்தைப் பார்த்து என்றுதான் நானும் நீங்களும் நினைப்போம். ஜப்பானின் கியோட்டோவில் கவோரி ஷியோஜிரி, ரிகா ஓசவா, ஜூன்ஜி தகபயாஷி மூவரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைப் புரட்டிப் போட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட புழு நமக்கு அந்நியம் இல்லை. நெல்லில் கதிரை வெட்டித் தள்ளும் கதிர்வெட்டுப்புழுதான் அது. பகலில் தூருக்குள் பதுங்கி இரவில் ஏறுவது அதன் வழக்கம். புழு கடித்த செடி காற்றில் ஒரு வாசனையை விடுகிறது. வெளிச்சத்தில் இருக்கும்போது விடும் வாசனை வேறு, இருட்டில் விடும் வாசனை வேறு. ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்து, வெளிச்சத்தோடும் இருட்டோடும் மாற்றி மாற்றிப் புழுக்களுக்குக் கொடுத்தார்கள். பகல் வாசனை வந்தால் புழு கும்மிருட்டிலும் ஓடி ஒளிந்தது. இரவு வாசனை வந்தால் விளக்கு எரியும்போதே வெளியே வந்தது. அதாவது புழு செடியை முகர்ந்து பொழுதை அறிகிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? செடி பகலில் விடும் அந்த வாசனைதான் பகலில் பறக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைச் செடிக்கு இழுக்கிறது. செடி கூவி அழைக்கிறது, குளவி வருகிறது, அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டுப் புழு பதுங்குகிறது. ஒரு செடியைச் சுற்றி இத்தனை பேச்சு நடக்கிறது. நம் வயலில் நடப்பதை நாம் எவ்வளவு கொஞ்சம் அறிந்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்புவோம். நகரியத்தில் முருங்கை இல்லாத தெரு இருக்கிறதா? மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக் கிடக்கும். பகல் முழுக்க அசையாது. இருட்டியதும் மேலே ஏறித் தழையை மொட்டையடித்துவிட்டு விடியலில் இறங்கிவிடும். உடம்பெல்லாம் அரிப்பு ரோமம் இருப்பதால் மைனா சீண்டாது. குயில் வகைகள் மட்டும் விதிவிலக்கு. சுடலைக்குயில் கம்பளிப்பூச்சியை அலகில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி, குடலைப் பிதுக்கி எறிந்துவிட்டு விழுங்கும். அக்கா குயிலும் அப்படித்தான். ஒரு கூட்டம் அடிமரத்தில் கண்ணுக்கெதிரே கிடக்கிறது என்றால், குயில் வந்து போகும் மரத்தில் பந்தம் கொளுத்த அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தீ, கூட இருக்கும் சிலந்தியையும் பல்லியையும் பட்டையையும் சேர்த்தே பொசுக்கும். மரம் மொட்டையாகும் அளவுக்குக் கூட்டம் பெருத்திருந்தால் சோப்புக் கரைசல் அடித்துக் கூட்டிப் பெருக்கி எடுத்துவிடலாம்.

விவசாயிகள் சிலர் வந்திருப்பதால் ஒரு வார்த்தை. இந்தப் பகல் இரவுக் கணக்கை நம் வேளாண்மைப் பரிந்துரைகள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கின்றன. புரொடீனியாவுக்குத் தவிடும் வெல்லமும் மருந்தும் பிசைந்த நச்சு உணவை மாலையில் வைக்கச் சொல்வது, புழு இரவில் வெளியே வருவதால். என்.பி.வி. என்னும் வைரஸ் கரைசலை மாலையில் தெளிக்கச் சொல்வது, வெயிலின் புற ஊதாக் கதிரில் அந்த வைரஸ் செயலிழந்துவிடும் என்பதால். வைரஸ் தாக்கிய புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். வரப்போரம் ஆமணக்கு போட்டால் அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடும், குவியலை இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம். வயலில் பறவை உட்காரக் குச்சி நடுவது கரிச்சானுக்காக. இத்தனை தெரிந்திருந்தும் காலை ஒன்பது மணிக்கு விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறோம். அந்த நேரத்தில் வளர்ந்த புழு மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே இருப்பது குளவியும் தேனீயும் பொறிவண்டும். மருந்து யார் மேல் விழுகிறது என்று நீங்களே சொல்லுங்கள். என் மட்டில் இது நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. பக்கத்தில் விருத்தாசலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்பதற்கு முன் அங்கே கேளுங்கள்.

இனி இந்த ஊரை நேரடியாகத் தொடும் விஷயம். பகலுக்கும் இரவுக்கும் நடுவில் இருந்த கோட்டை நாம் விளக்கு போட்டு அழித்துக்கொண்டிருக்கிறோம். தெருவிளக்குக்கு அருகில் நிற்கும் ஒரு புங்க மரத்தை இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். கரிச்சான் இன்னும் அடையவில்லை, விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிறது. கம்பத்தில் பல்லி ஏறிவிட்டது. கீழே தேரை உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஷிப்டும் ஒரே நேரத்தில் ஒரே மரத்தில்.

இங்கிலாந்தில் டக்ளஸ் போய்ஸ் என்ற இளம் ஆய்வாளர், தெருவிளக்கு உள்ள சாலையோரங்களையும் இல்லாத சாலையோரங்களையும் ஒப்பிட்டார். 2021 இல் வெளிவந்த அந்த ஆய்வில், விளக்கு உள்ள வேலிப் புதர்களில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவு, புல்வெளி ஓரங்களில் 33 சதவீதம் குறைவு. பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிட வெள்ளை எல்.இ.டி. விளக்கின் பாதிப்பு அதிகமாக இருந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில், அதுவரை விளக்கே பார்த்திராத இடத்தில், விளக்கு வைத்துக் களிமண் புழுக்களைப் பரப்பினார்கள். 2023 இல் வெளியான முடிவின்படி விளக்கு உள்ள இடத்தில் தாக்குதல் 27 சதவீதம் அதிகம்.

புழு குறைந்தால் நல்லதுதானே என்று யாராவது கேட்கலாம். வயலில் நம் பயிரைத் தின்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்கள். மரங்களிலும் புதர்களிலும் இருக்கும் பெரும்பாலான புழுக்கள் நமக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடக் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டுகின்றன. சிட்டுக்குருவியைக் காணோம் என்று வருத்தப்படுகிறோம், அதன் குஞ்சு வாயில் வைக்கப் புழு இருக்கிறதா என்று கேட்பதில்லை. நகரியத்தில் நட்டு வளர்த்த மரங்களும், சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டிய மேடுகளில் பாடுபட்டு எழுப்பிய பசுமையும் புழு இருந்தால்தான் காடாகும்.

சுரங்கத்துக்கு வெளிச்சம் வேண்டும், அது ஆளின் உயிரைக் காக்கும் வெளிச்சம். பெண்கள் நடந்துவரும் சாலைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வெளிச்சம் வேண்டும். மரத்தின் உச்சிக்கும் வானத்துக்கும் யாருக்காக வெளிச்சம்? நகரிய நிர்வாகத்தை நான் கேட்டுக்கொள்வது இதுதான். மரங்கள் அடர்ந்த சாலைகளில் விளக்குக்கு மேல் மூடி போட்டு ஒளியைத் தரையை நோக்கி மட்டும் திருப்புங்கள். கூசும் வெள்ளை விளக்குக்குப் பதிலாக மஞ்சள் சாயல் விளக்கு வாங்குங்கள். நடமாட்டம் ஓய்ந்த பின் பூங்காக்களில் ஒளியைக் குறையுங்கள். வீட்டுக்காரர்கள் படுக்கப் போகும்போது தோட்டத்து விளக்கை அணைத்துவிடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பச்சைக் களிமண் வாங்குங்கள். தெருவிளக்கடியில் ஒரு மரம், இருட்டில் ஒரு மரம், ஒரே இனமாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் புழு வையுங்கள். காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்து, எந்த அடையாளம், எந்தப் பொழுது என்று நோட்டில் எழுதுங்கள். மரத்துக்குப் பக்கத்தில் குளவிக்கூடு இருந்தால் கலைக்காதீர்கள். நெய்வேலிக்கென்று இப்படி ஒரு கணக்கு இருக்க வேண்டும், அதை எழுத உங்களால் முடியும். அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே தொடங்குங்கள். எழுதிய நோட்டை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.